நகவெட்டி அக்கா

"நகம்."

குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, வீட்டுச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்த மனிதர் இரண்டு கைகளையும் நீட்டுகிறார். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். வலது கட்டைவிரலில் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

"இது என்ன?"

"கிரீஸ்க்கா."

"கிரீஸா இருந்தா மினுங்கும். இது மினுங்கல. உள்ள போ."

"பஸ்ஸு போயிடும்க்கா."

"அடுத்த பஸ்ஸும் அதே ரோட்லதான் போவுது. போ."

மனிதர் திரும்பி உள்ளே போகிறார். உலைக்கூடத்தின் மேஸ்திரி அவர். பன்னிரண்டு பேரை நாளெல்லாம் அதட்டி வேலை வாங்குகிறவர். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். அக்காவின் முன்னால் மட்டும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. அடுத்து நீட்ட வேண்டியது அவரவர் கை.

இந்த ஆலையில் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கி, கட்டிகளாக வார்த்து அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் உழைத்து ஓய்ந்த பேட்டரிகள் லாரி லாரியாக வந்து இறங்கும். மறுபக்கம் ஈயக் கட்டிகள் பளபளவென்று ஏறிப் போகும். நடுவில் நாற்பத்தொரு பேர். அவர்கள் மேல் படியும் தூள் சாம்பல் நிறம், சலித்த மாவைவிட நைசு. நாற்றம் இல்லை, அரிப்பு இல்லை, கண்ணில் விழுந்தாலும் கரிப்பதில்லை. தலைமுடியிலும் காது மடிப்பிலும் நகக்கண்ணிலும் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் வீடுவரை கூடவே வரும். பெரியவர்களுக்கு மூட்டுவலி, வயிற்றுவலி, ரத்தசோகை என்று கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் காட்டும். குழந்தைகளிடம் அந்தப் பொறுமைகூடக் கிடையாது. நேரே மூளைக்குப் போய்விடும்.

அந்த வழியை மறித்துக்கொண்டு நிற்பதுதான் அக்காவின் உத்தியோகம். காகிதத்தில் அவர் 'உடைமாற்று அறை உதவியாளர்'. ஆலையில் எல்லோருக்கும் நகவெட்டி அக்கா. நீலக் கோட்டின் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு நகவெட்டி, எப்போதும் தொங்கும். ஐம்பத்திரண்டு வயது. உயரம் குறைவு. குரல் மட்டும் உலையின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்.

உடைமாற்று அறைக்கு இரண்டு கதவுகள். ஆலைக்குள்ளிருந்து வருவது அழுக்குக் கதவு. வெளியே போவது சுத்தக் கதவு. இரண்டுக்கும் நடுவில் எட்டுக் குளியல் தடுப்புகளும் தரையில் ஒரு மஞ்சள் கோடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேலை உடுப்பு, இந்தப் பக்கம் வீட்டு உடுப்பு. வேலைச் செருப்பு கோட்டை ஒரு விரற்கடை தாண்டியிருந்தால்கூட, அக்கா அதை ஒரு குச்சியால் தள்ளி அந்தப் பக்கம் விட்டுவிட்டு, செருப்புக்காரரைப் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கிற தோரணையில் அவருக்கு ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

குளிக்கிறவர்களை அவர் பார்க்க முடியாது. ஆனால் கேட்கிறார். தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே யார் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிடுவார். தடுப்புக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "மூணாவது ரூம்ல தண்ணி தரையிலதான் விழுது, ஆள் மேல விழல" என்று குரல் கொடுப்பார். உள்ளே சட்டென்று சத்தம் மாறும். சோப்பு இரண்டு தடவை போட வேண்டும் என்பது அவருடைய சட்டம். "முதல் நுரை ஈயத்துக்கு. ரெண்டாவது நுரைதான் உனக்கு" என்பார். தாடி வைத்தவர்களிடம் சண்டைக்குப் போவதில்லை. "வெச்சுக்கோ, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குன்னு தனியா ஒரு நுரை போடு. அது உன் வீட்ல இன்னொரு ஆளுன்னு வெச்சுக்கோ."

அவருக்குச் சில விசித்திரங்கள் உண்டு. யாருடைய உடுப்பையும் யாரும் உதறக் கூடாது. ஒருவர் பேண்டை உதறும் சத்தம் கேட்டால், யாரோ கன்னத்தில் அறைந்தது போல அவர் முகம் சுருங்கும். பேசிக்கொண்டிருப்பவர் நகத்தைக் கடித்தால் தன் பேச்சை நிறுத்திவிட்டு விரல் வாயிலிருந்து வெளியே வரும்வரை காத்திருப்பார். மேலதிகாரி, கணக்கர், ஆய்வுக்கு வந்த பெரிய மனிதர் என்ற பாகுபாடு கிடையாது. ஒருமுறை ஆலையின் மேலாளரே மூன்று நிமிடம் நின்றபடி நகவெட்டியை வாங்கி வெட்டிக்கொண்டார். வெட்டிய துணுக்குகளைப் போட அக்கா ஒரு டப்பாவை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

இந்தக் கண்டிப்பெல்லாம் பயிற்சி வகுப்பில் கற்றது என்று யாராவது நினைத்தால், அது தவறு. அக்காவின் கணவரும் முன்பு இதே மாதிரி ஓர் ஆலையில் உலைக்காரராக இருந்தவர். அந்தக் காலத்தில் இரண்டு கதவு கிடையாது. போட்ட உடுப்போடு வீட்டுக்கு வருவார். வந்ததும் ஓடிவரும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அக்கா அந்த உடுப்பை வாசலில் நன்றாக உதறி, பிள்ளையின் துணியோடு ஒரே வாளியில் ஊறப் போடுவார். எட்டு வருடம்.

"தண்ணி கருகருன்னு போவும். அழுக்கு நல்லாப் போவுதுன்னு சந்தோசப்படுவேன்" என்று அவரே சொல்வார். அழாமல்தான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

மகனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. ஒரு செடிப் பண்ணையில் வேலை செய்கிறான். இலையைத் தொட்டாலே எந்தச் செடி என்று சொல்வான். வாடியதைத் தேற்றுவதில் அவனுக்கு நிகர் அங்கே யாரும் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் ஒன்று நழுவிவிடும். நழுவியது தெரிந்தால் கோபம் வரும். கோபம் போனதும் வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். எட்டாம் வயதில் ரத்தம் பார்த்த டாக்டர், "ஈயத்தால இருக்கலாம்" என்றார். இருக்கலாம் என்பதற்கு மேல் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். "அந்த 'லாம்' போதும் எனக்கு. அதுக்கே நான் ஆயுசு முழுக்க வாசல்ல நிப்பேன்" என்பார்.

கணவர் அப்போதே அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிற்காவலர். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொடுவதற்கு முன்புகூடக் கைகழுவுகிறார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, கழுவலைன்னா டிவி தெரியாதுன்னு சொல்லி வெச்சிருக்கா" என்று வந்தவர்களிடம் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே கழுவுவார்.

ஆய்வாளர்கள் வந்து, இந்த ஆலையில் உடைமாற்று அறை கட்டியே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போன வருடம், அங்கே நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் முன்வரவில்லை. குளிக்கச் சொல்லிப் பெரிய ஆம்பிளைகளோடு யார் மல்லுக்கட்டுவது? அக்கா விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில், 'ஒரு பிள்ளை' என்று எழுதினார். வாங்கிப் பார்த்தவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து தொழிலாளர்களின் ரத்தம் எடுப்பார். தொழிலாளர்களுக்கு மட்டும் என்றுதான் உத்தரவு. அக்கா அதைக் கேட்டால்தானே. அந்த நாளில் எல்லோரும் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வந்தாக வேண்டும். முதல் தடவை நர்ஸ் மறுத்தார். அக்கா பலூன் ஊதிக்கொண்டே இருந்தார். பலூனோடு பதினான்கு பிள்ளைகள் வரிசையில் நின்றதும் நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டார். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று.

போன தடவை அப்படி எடுத்தபோதுதான், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று காட்டும் அந்தச் சீட்டு வந்தது. பதின்மூன்று பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு, அதிகம் போனால் ஆறு. ஒரு குழந்தைக்கு மட்டும் முப்பத்தொன்று.

மூன்றரை வயதுப் பெண் குழந்தை அது. வார்ப்புக்காரரின் மகள். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றுகிற அந்த மனிதரை ஆலையில் எல்லோரும் 'ரெட்டை நுரை' என்று கேலி செய்வார்கள். யாரும் சொல்லாமலே இரண்டு தடவை சோப்புப் போடுகிற ஒரே ஆள் அவர்தான். நகம் காட்டச் சொல்வதற்கு முன்பே நீட்டிவிடுவார். அக்கா அவரைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார். அவருடைய குழந்தைக்குத்தான் வயிறு வலி, சாப்பாடு வேண்டாம், காரணமில்லாமல் அழுகை. பேசிக்கொண்டிருந்த சொற்களில்கூடச் சில குறைந்துவிட்டன.

டாக்டர் இரும்புச் சத்துக்கு மருந்து கொடுத்து ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தார். முப்பத்தாறு.

"எங்கேயிருந்தோ இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கு. அதை நிறுத்தணும். நாப்பத்தஞ்சைத் தாண்டினா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு மருந்து ஏத்தணும். அதுக்கு முன்னாடி ஆன சேதத்தை மருந்தால திருப்பித் தர முடியாது" என்றார்.

ஆலையில் பேச்சு மாறியது. ரெட்டை நுரை வீட்டிலேயே இப்படி என்றால், ஒற்றை நுரைக்கு என்ன குறை? வரிசையில் ஒருவர் நகத்தை நீட்டும்போதே, "இதெல்லாம் போட்டு என்னத்த கண்டோம்க்கா" என்றார். அக்கா அவர் கையை மட்டும் பார்த்து அனுப்பினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் இல்லை. இன்னொரு பிள்ளை, மறுபடியும், அதுவும் தன் கண்காணிப்பில் என்ற நினைப்பு அவரை உட்காரவிடவில்லை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றார். ஈயம் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வகைச் சோதனைக் குச்சி உண்டு. பஞ்சு நுனியை எதிலாவது தேய்த்தால், ஈயத் தூள் இருக்கிற இடத்தில் அது சிவக்கும். சாப்பாட்டு அறை மேசைகளைச் சோதிக்க வைத்திருப்பது.

"பத்துக் குச்சி வேணும் சார். அவங்க வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்குப் போறதெல்லாம் நம்ம வேலை இல்லீங்களே."

"ஈயம் அப்படி நெனைக்கலையே சார். அது போயிருக்கே."

அதிகாரி நல்ல மனிதர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். இழுப்பறையைத் திறந்து பத்துக் குச்சிகளை எண்ணி வைத்துவிட்டு, தான் எதையும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை அக்கா தானே இரண்டு நுரை போட்டுக் குளித்து, கண்ணாடி முன்னால் நின்று தன் நகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, பஸ் ஏறினார். வார்ப்புக்காரர் தன் வண்டியில் முன்னால் போயிருந்தார். இரண்டு அறை வீடு. குழந்தையின் அம்மா பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் அரைநாள் வேலை பார்க்கிறவர். வீட்டைப் பளிங்காக வைத்திருந்தார். அக்காவை உள்ளே கூப்பிட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, அக்கா சிரித்ததற்கே அழுதது.

முதல் குச்சியை வாசல் மிதியடியில் தேய்த்தார். சிவக்கவில்லை. அப்பாவின் செருப்பு, இல்லை. சாப்பாட்டுப் பை, இல்லை. தலையணை உறை, ஜன்னல் விளிம்பு, விளையாட்டுச் சாமான் கூடை, தண்ணீர்க் குழாயின் வாய். ஏழு குச்சியும் வெள்ளையாகவே இருந்தன. "பார்த்தீங்களா, என் வீடு சுத்தமாத்தான் இருக்கு" என்றார் அந்தப் பெண். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. எங்கேயாவது ஒன்று சிவந்துவிடாதா, அதைத் தூக்கி எறிந்துவிட மாட்டோமா என்று அக்காவைப் போலவே அவரும் தவித்துக்கொண்டிருந்தார்.

குழந்தையின் அழுகையை நிறுத்த வார்ப்புக்காரர் அதைத் தூக்கினார். "சரி சரி, ரவுண்டு போலாமா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அழுகை நின்றது. இந்த மூன்று மாதத்தில் குழந்தை சிரித்துக் கேட்பது அது ஒன்றைத்தான் என்றார் அம்மா. சாயங்காலம் அப்பா வந்ததும் வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு. பெரிய டிரைவர் மாதிரி இரண்டு கையையும் டேங்க் மேல் ஊன்றிக்கொள்ளும். சில சமயம் கன்னத்தை வைத்துச் சாய்ந்தும் கொள்ளும்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அப்பா இறக்கிவிட்டதும், குழந்தையின் கட்டைவிரல் நேரே வாய்க்குப் போனது.

அக்கா எட்டாவது குச்சியை டேங்க் மேல் தேய்த்தார். நுனி ரோஜா நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. ஒன்பதாவது குச்சியை சீட்டின் மேல் தேய்த்தார். அதுவும் சிவந்தது. கடைசிக் குச்சியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து, "கையக் காட்டு கண்ணு" என்றார். பிஞ்சு உள்ளங்கையில் பஞ்சு நுனி சிவந்தது. அம்மாதான் முதலில் அசைந்தார். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

வார்ப்புக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ரெண்டு தடவை சோப்புப் போட்டேனேக்கா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வண்டிக்கு அது எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்காததால், தானாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆலையில் வண்டிகள் முன்பு வெட்டவெளியில்தான் நின்றன. போன கோடையில், சுத்தமாகக் குளித்துவிட்டு வருகிறவர்கள் கொதிக்கும் சீட்டில் உட்கார்ந்து மறுபடி வேர்த்துப் போகிறார்களே என்று பாவப்பட்டு, வண்டிகளை உடைப்புக் கொட்டகையின் நிழலில் நிறுத்தச் சொன்னவர் அக்கா. காவலாளியிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தவரும் அக்காதான். அந்தக் கொட்டகையில்தான் பேட்டரிகளை உடைக்கிறார்கள். எட்டு மணி நேரம் அதன் தகர இடுக்கு வழியே தூள் வெளியே வந்து, வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் படிந்தது. சுத்தக் கதவைத் தாண்டி வந்தவர்கள் அதன் மேல்தான் ஏறி உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளையை டேங்க் மேல் உட்கார வைத்து ஓட்டியவர் வார்ப்புக்காரர் ஒருவர்தான்.

குழாயடியிலிருந்து திரும்பி வந்த குழந்தையின் அம்மாவும் கேட்கும்படிதான் அக்கா இதைச் சொன்னார். "நிழல்ல நிறுத்துன்னு சொன்னது நான்தாம்மா. கதவோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

அந்தப் பெண் திட்டினார். "உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வி அவ்வளவு குத்தியிருக்காது. அக்கா ஒரு வாளியும் சோப்பும் வாங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தானே கழுவினார். தண்ணீர் எந்தச் சாக்கடைக்குப் போகிறது, எந்தக் குழந்தை அங்கே விளையாடும் என்று பார்த்து, துடைத்த துணிகளை ஒரு பையில் முடிந்து ஆலைக்கே எடுத்துப் போனார்.

மறுநாள் காலை வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் அழுக்குக் கதவுப் பக்கம் நிற்க வைத்தார். செருப்பு மாற்றுகிற பெஞ்சின் மேல் ஏறினார். அக்காவைத் தலைக்கு மேல் நிமிர்ந்து பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் கேளுங்க. குழந்தைக்கு வண்டியிலிருந்து போயிருக்கு. உங்க எல்லார் வண்டி மேலயும் இருக்கு. அங்க நிறுத்தச் சொன்னது நான். தப்பு என்னோடது. ரெட்டை நுரை மேல ஒரு தப்பும் இல்ல, அவரு செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாரு. இன்னிலேருந்து வண்டி வெயில்ல நிக்கும்."

"அப்போ நகவெட்டி நகத்துலயே அழுக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்கா பெஞ்சின் மேல் நின்றபடியே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். "ஆமா. இருந்துச்சு. வந்து பாரு." யாரும் வரவில்லை. அந்தக் குரல்காரர் கீழே குனிந்து செருப்பை மாட்டத் தொடங்கினார்.

"சீட்டு கொதிக்குமேக்கா" என்றார் ஒரு வண்டிக்காரர், சும்மா இருக்க முடியாமல்.

"கொதிக்கும். ஈரத்துணியப் போட்டு உக்காரு. பின்னாடி சுட்டா ஒரு நாள்ல ஆறிடும்."

சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு நாள் வண்டிகள் எல்லாவற்றையும் கழுவினார்கள். கொட்டகையின் தகர இடுக்கை அடைக்கும்வரை அக்கா பாதுகாப்பு அதிகாரியின் மேசையை விட்டு நகரவில்லை. மனிதர் கடைசியில் அவரைக் கண்டாலே எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு அக்கா வெளியே போய், வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றியும் ஒரு கோடு போட்டார். கோடு கொஞ்சம் கோணல். ஆனால் யாரும் தாண்டுவதில்லை.

வரிசையில் ஒரு மாற்றமும் வந்தது. நுரை போட்டு என்ன கண்டோம் என்று கேட்டவர்கள் இப்போது எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து, "இதைப் பாருங்கக்கா, நாளெல்லாம் உள்ளதான் இருக்கு" என்றார். இன்னொருவர் கைப்பேசியை நீட்டினார். அக்கா தப்பை மூடி மறைத்திருந்தால், இவர்கள் தங்கள் தப்பைத் தேடியிருக்க மாட்டார்கள். அப்படியெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தவர் அல்ல அவர். மறைக்கத் தெரியாத மனுஷி, அவ்வளவுதான்.

ஆனால் இதில் எதுவும் அந்தச் சீட்டை மாற்றிவிடாது. அடுத்த பரிசோதனைக்கு ஆறு வாரம். நாற்பத்தைந்தா, அதற்குக் கீழேயா? வார்ப்புக்காரர் தினமும் சாயங்காலம் வரும்போது அக்கா நகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிடுறாளா?" என்று கேட்பார். அவர் "கொஞ்சம்" என்பார். ஒரு நாள், "ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக்கா" என்றார். அக்கா அன்றைக்கு வரிசையில் அடுத்து வந்தவரின் நகத்தைச் சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். அந்த ஆள் இதைப் பல நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை மதியம். அக்கா துவைக்கும் அறையில் வேலை உடுப்புகளை மெஷினில் திணித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆள் வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். குளிக்காமல், கோட்டும் கையுறையுமாகவே அழுக்குக் கதவு வழியே வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து வாசலுக்குப் போனார். கம்பிக் கதவுக்கு வெளியே, நடைபாதையில், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் அம்மா நின்றுகொண்டிருந்தார். மருந்துக் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். அன்று திட்டியதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"இருபத்திரண்டு" என்றார் அந்தப் பெண். சீட்டைக் கம்பி வழியே விரித்துக் காட்டினார். "இன்னும் இறங்கும்னு டாக்டர் சொன்னாரு. முழுசா எப்படின்னு போகப் போகத்தான் தெரியுமாம்." சீட்டைப் பிடித்தபடியே, "உங்ககிட்ட நானே வந்து சொல்லணும்னு தோணுச்சுக்கா" என்றார்.

அக்கா கையுறையைக் கழற்றினார். மூக்குக் கண்ணாடியை இறக்கி எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை போனது, பாதி வழியில் நின்றுவிட்டது. வழிந்தது வழியட்டும் என்று விட்டுவிட்டார்.

காவலாளி பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தார். குழந்தை அம்மாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தது. அன்றைக்கு அக்காவைப் பார்த்து அழுதது நினைவில் இல்லை போலிருக்கிறது. நேரே நீலக் கோட்டின் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "தூக்கு" என்றது.

அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "வந்துட்டியா தங்கம், வந்துட்டியா" என்றார். சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, ஓர் அடி, இன்னும் ஓர் அடி, பின்னால் நகர்ந்தார்.